இரண்டு கலுங்குகளுக்கு இடையே உங்கள் அம்மா ஓடிய மாதங்கள்

உங்கள் அம்மாவுக்கென்று நீங்கள் வாங்கி அனுப்பிய ஷூ போன வாரம்வரை பெட்டியோடு அலமாரியின் மேல்தான் இருந்தது. அவள் பிரித்துப் பார்க்கவில்லை. நானும் பிரித்துக் காட்டவில்லை.

போன மாதம் மகன் போனில் பேசும்போது சொன்னான்: “அப்பா, நான் இங்க தினமும் காலையில ஓடுதேன். முதல் ஒரு மாசம்தான் பாடு. பிறவு ஓடாம இருந்தாத்தான் என்னமோ போல இருக்கும். அம்மாவுக்கு அதுக்க ருசி தெரியாது. அதான் டாக்டர் சொல்லியும் நடக்கக்கூட வரமாட்டேங்குதா. நீங்க ஒரு நாள் கூட்டிட்டுப் போய்ப் பழக்குங்க.”

“செரி மக்கா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு தையல் மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தேன். தைக்கத் துணி இருந்தது. கை போகவில்லை.

அம்மாவுக்கு அதன் ருசி தெரியும். மகனே, உன்னைவிட, என்னைவிட நன்றாகவே தெரியும். அதை அவளிடமிருந்து பிடுங்கியவன் நான். இதைப் போனில் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவன். தையல்கடை அளவு நோட்டைத் தவிர வேறெதிலும் எழுதிப் பழக்கமில்லை. மகளும் மகனும் இரண்டு பேரும் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்போது நாம் கேரள எல்லையை ஒட்டி, செங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். பின்வாசலைத் திறந்தால் நெய்யாற்றுத் தண்ணீர் வரும் சானல். கரையில் ஒரு ஜீப் போகும் அளவுக்கு மண்பாதை. அந்தப்பக்கம் மரச்சீனிக் கிழங்கும் வாழையும். வீட்டுக்கு இடப்பக்கம் கொஞ்ச தூரத்தில் ஒரு கலுங்கு, வலப்பக்கம் ஒரு கலுங்கு. சானலைத் தாண்டிப் போகக் கட்டிய சிறிய பாலங்கள். வலப்பக்கக் கலுங்கை ஒட்டி டீ விற்கும் ஒரு சாயக்கடை இருந்தது. மகளுக்கு அப்போது ஆறு வயது, மகனுக்கு நான்கு. கடையில் கண்ணாடிக் குப்பிக்குள் இருந்த தேன்மிட்டாய் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வேறெதுவும் இருக்காது.

உங்களுக்குக் கீழே ஒரு தங்கை பிறந்தாள் என்பதும் ஞாபகம் இருக்காது. கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்தில் பிறந்தாள். பதினெட்டு நாள் இருந்தாள். பெயர் வைத்திருந்தோம். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. அதனால் விட்டுவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. சோறு வைப்பாள், உங்களைக் குளிப்பாட்டுவாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தருவாள். கேட்டால் பதில் சொல்வாள். தானாக ஒரு வார்த்தை வராது. சபையிலிருந்து பெண்கள் வந்து முழங்கால் போட்டு ஜெபித்துவிட்டுப் போனார்கள். போகும்போது முற்றத்தில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். ‘அவளுக்கு மனசுக்கு என்னமோ ஆயிப்போச்சு’ என்று ஒருத்தி சொன்னது ஜன்னல் வழியாக உள்ளே கேட்டது. அம்மா அப்போது அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கை நிற்கவில்லை. ஆனால் அவளுக்கும் கேட்டது.

நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மாத்திரை எழுதிவிட்டு, “ராவிலே இத்திரி நடக்கணம், கேட்டோ. வீட்டில் அடைச்சிருக்கருது” என்று மலையாளத்தில் சொன்னார். காலையில் கொஞ்சம் நடக்க வேண்டுமாம், வீட்டுக்குள் அடைந்து கிடக்கக் கூடாதாம். அம்மா தலையாட்டினாள். மறுநாளிலிருந்து விடியும் முன்னே எழுந்து, பின்வாசல் வழியாகச் சானல்கரைக்கு நடக்கப் போனாள். நான் உங்கள் பக்கத்தில் படுத்திருப்பேன்.

சித்திரை வெயில் தொடங்கிய ஒரு காலையில் அவள் திரும்பி வந்தபோது முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வேர்த்து இருந்தது. காலில் செருப்பு இல்லை. கையில் இருந்தது. அடுப்பங்கரை வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கேட்டாள்:

“சாய குடிச்சியளா?”

மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

அடுத்த நாள் நான் பின்வாசலில் மறைந்து நின்று பார்த்தேன். அவள் ஓடிக்கொண்டிருந்தாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, ஒரு கலுங்கிலிருந்து அடுத்த கலுங்குக்கு. ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. பக்கத்தில் ஒருவர் வேகமாக நடந்தால் கூடவே வந்துவிடலாம். அவ்வளவு பைய. ஆனால் நிற்காமல் ஓடினாள். அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. பாட்டா, ஜெபமா என்று எனக்கு விளங்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்துகொண்டேன். அவள் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு கலுங்குக்கு நடுவில் எங்கிருந்து பார்த்தாலும் வீட்டின் பின்வாசல் தெரியும், ஒரு சத்தம் கேட்டால் வந்துவிடலாம். எனக்கு அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. அவளுக்கு வாங்கவில்லை. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஓடிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

“அவ கொட்டாவி விடும்போ வலக்கை மட்டும் மேல போவும். கண்டியளா நீங்க?”

நான் கண்டதில்லை. பதினெட்டு நாளும் தையல்கடைக்குப் போய்விட்டு இருட்டியபின் வந்தவன். “இல்ல பிள்ளே” என்றேன்.

“இடக்கை சும்மா கிடக்கும். வலக்கை மட்டும் பஸ்ஸுக்குக் கை காட்டுதது போல.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் அழுதேன். ஓடும்போது அழுவது வசதியாக இருந்தது. வேர்வையும் கண்ணீரும் ஒன்றாகப் போனது.

அதன் பிறகு தினமும் பேசினாள். வீட்டுக்குள் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். சானல்கரையில் கால் ஓடத் தொடங்கினால் வாயும் திறக்கும். குழந்தையைப் பற்றி, தன் சின்ன வயசைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் மணியடித்ததும் வீடுவரை ஓடியே வந்ததைப் பற்றி. மகள் எப்படிப் பொய் சொல்கிறாள், மகன் எப்படி மண் தின்கிறான் என்று உங்களைப் பற்றியும். சில நாள் ஒரு சுற்று, சில நாள் நான்கு. ஒரு நாள் பாதியில் நின்று, தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்துவிட்டாள். “இண்ணைக்கு இவ்வளவு மதி” என்றாள். போதும் என்றால் போதும், எந்தக் கணக்கும் இல்லை. மழை பெய்தால் போகமாட்டோம். மறுநாள் போவோம். கஷ்டப்பட்டு எழுந்த ஞாபகமே எனக்கு இல்லை. நானே அவளுக்கு முன்னால் விழித்துக் காத்திருப்பேன்.

சேலை காலில் தடுக்கியது. நான் ஒரு நீலத் துணியில் சுடிதார் தைத்துக் கொடுத்தேன். கல்யாணம் ஆனவர்கள் சுடிதார் போடுவது அப்போது நம் பக்கம் அவ்வளவு பழக்கமில்லை. கால் வீசி ஓட வேண்டும் என்று அடிப்பாகத்தை வழக்கத்தைவிட அகலமாக வெட்டினேன். பக்கவாட்டில் ஒரு பாக்கெட் வேண்டும் என்று கேட்டாள். எதற்கென்று கேட்டேன். “சும்மா” என்றாள். வைத்துக் கொடுத்தேன். என் கையால் தைத்ததில் அதைப்போல் எனக்குத் திருப்தி தந்தது வேறில்லை.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

நம் ஊரில் வளர்ந்த ஆள் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். சாவு சொல்ல ஓடலாம். பஸ்ஸுக்கு ஓடலாம். பட்டாள செலக்ஷனுக்கு ஓடலாம். செக்போஸ்ட் பக்கமாக இருந்தால் அரிசிப் பையோடு ஓடலாம், அதற்கும் அர்த்தம் உண்டு. முப்பத்திரண்டு வயதில், மூன்று பிள்ளை பெற்றவள், புருஷனோடு பேசிக்கொண்டு பைய ஓடுவதற்கு எந்த அர்த்தமும் இல்லை. சாயக்கடைப் பெஞ்சில் இருப்பவர்கள் முதலில் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். கடைக்கார அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயாடி, மனசில் ஒன்றும் வைக்காதவர். ஒரு நாள் நாங்கள் கலுங்கில் திரும்பும்போது உரக்கக் கேட்டார்:

“எலே, எவன் செத்தான்?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஒருத்தனும் சாவல்லை அண்ணா.”

“பின்ன பெண்டாட்டி உன்னைத் துரத்துதாளா, நீ அவளைத் துரத்துதியா? அதையெங்கிலும் சொல்லு. பந்தயம் கெட்டியிருக்கோம்.”

இன்னொருவர் சாய டம்ளரை இறக்காமல் சொன்னார்: “அரிசி கடத்தப் பழகுதாளாக்கும். செக்போஸ்டுக்காரன் பாவம்.”

மறுபடி சிரிப்பு. அம்மாவும் லேசாகச் சிரித்தாள். அவளுக்கு அது உறைக்கவில்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது. சபைப் பெண்கள் முற்றத்தில் நின்று சொன்னதை இந்த ஆண்களும் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள் என்று தோன்றியது. அவர்கள் வாயை அடைக்க ஒரு காரணம் வேண்டும். வாயில் வந்தது:

“ஓணத்துக்குக் கிளப்பில பெண்ணுங்களுக்கு ஓட்டம் உண்டுல்லா அண்ணா? அதுக்காக்கும் இவ ஓடிப் பழகுதா.”

கடைக்கார அண்ணன் முகம் மாறியது. “அப்பிடிச் சொல்லுலே! நல்ல காரியமில்லா! போன வருஷம் பக்கத்து ஊரு, காரோட்டில உள்ள ஒருத்தி வந்து பரிசுப் பக்கெட்டை வாங்கிட்டுப் போனா. நம்ம ஊருக்கு அது மானக்கேடு. நீ ஓடு மக்கா, நாங்க இருக்கோம்” என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பெஞ்சில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். ஒரு நிமிடத்தில் பைத்தியம் தெளிந்து வீராங்கனை ஆகிவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள்: “ஏன் அப்பிடிச் சொன்னிய? ஓணத்துக்கு நான் ஓடுதேன் எண்ணு எப்ப சொன்னேன்?”

“பின்ன என்ன சொல்லணும்?”

“சும்மா ஓடுதோம் எண்ணு சொல்லப்பிடாதா?”

“சும்மா ஓடுதா எண்ணு சொன்னா உன்னைப் பைத்தியம் எண்ணு சொல்லுவானுவ.”

அந்த வார்த்தையை நான் சொன்னேன். வேறு யாரும் அவள் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவள் அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. சரி என்று ஒத்துக்கொண்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

பொய்யாகச் சொன்னதை மெய்யாக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. ஓணத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. எனக்குத் தெரிந்த வேலை அளப்பது. டேப்பை வைத்து ஒரு தேங்காய்நார்க் கயிற்றை ஐம்பது மீட்டர் அளந்து முடிச்சுப் போட்டேன். அந்தக் கயிற்றைச் சானல்கரையில் இழுத்து இழுத்து, இரண்டு கலுங்குக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று கண்டுபிடித்தேன். ஓட வேண்டிய தூரத்துக்குச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். நம் பக்கத்துப் பையன்கள் செலக்ஷனுக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். உயிர் போக ஓடுவார்கள், ஓரத்தில் கக்குவார்கள், மறுநாளும் அப்படியே ஓடுவார்கள். ஓட்டம் பழகுவது என்றால் அதுதான் என்று நினைத்தேன். வேறொரு விதமும் உண்டு என்பதை அவள் இரண்டு மாதமாக என் பக்கத்திலேயே ஓடிக் காட்டிக்கொண்டிருந்தாள். அது என் கண்ணில் படவில்லை.

ஒரு தெரிந்தவரிடம் நொடி காட்டும் கைக்கடிகாரம் கடன் வாங்கினேன். நான் ஓடுவதை விட்டுவிட்டேன். கோட்டில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன். அம்மா தனியாக ஓடுவாள். அளவு நோட்டில், யார் யாருடைய ஜாக்கெட் அளவுகளுக்கோ கீழே, அவள் ஓடிய நேரத்தை எழுதுவேன். முதல் வாரத்துக்கும் இரண்டாம் வாரத்துக்கும் நல்ல வித்தியாசம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடைக்கார அண்ணன் தினமும் கேட்பார்: “இண்ணைக்கு எத்தர?” நான் சொல்வேன். பெஞ்சே தலையாட்டும். என்னை அந்தப் பெஞ்சில் அதுவரை யாரும் அப்படி மதித்ததில்லை. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மழை பெய்தாலும் போனோம். கர்க்கடக மாதத்துச் சேற்றில் வழுக்கும் என்று பள்ளிப் பிள்ளைகள் போடும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்தேன். அது கடித்துக் குதிகாலில் புண் வந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது என்றாள்.

“இண்ணைக்கு வேண்டாம். கால் கடுக்குது.”

“இனி மூணு வாரந்தான் உண்டு பிள்ளே. தைலம் போட்டா மாறும்.”

எழுந்து வருவாள். முன்பு யாரும் யாரையும் எழுப்ப வேண்டியிருந்ததில்லை. இப்போது நான் எழுப்ப வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கூப்பிட்ட பிறகுதான் கண் திறப்பாள். அதுவும் எனக்கு உறைக்கவில்லை. சோம்பல் என்று நினைத்தேன்.

ஒரு காலை. மழை விட்டிருந்தது. வேகமாக ஓடுவதற்கு முன் உடம்பு சூடாக ஒரு சுற்று பைய ஓடச் சொல்லியிருந்தேன். அன்று மட்டும் நானும் கூட ஓடினேன். பாதி தூரத்தில் அவள் பழைய குரலில் தொடங்கினாள்:

“இண்ணைக்கு இருந்தா அவ தவழத் தொடங்கியிருப்பா, இல்லியா? ஏழு மாசம். பெரியவ ஏழு மாசத்தில…”

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “பேசினா மூச்சு போவும் பிள்ளே. அதெல்லாம் வீட்டில போய்ப் பேசலாம். இப்ப ஓடு” என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். கோட்டுக்கு வந்து நின்றாள். நான் கையைக் கீழே இறக்கினேன், ஓடினாள். அன்று அதுவரை ஓடியதிலேயே குறைந்த நேரம். அடிக்கோடு போட்டு நோட்டில் எழுதினேன்.

வீட்டில் போய்ப் பேசலாம் என்று சொன்னேன். வீட்டில் அவளுக்குப் பேச வராது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அந்தப் பேச்சின் மீதி என்ன என்பதை நான் இன்றுவரை கேட்கவில்லை. ஏழு மாதத்தில் நீ என்ன செய்தாய், மகளே? எனக்கு ஞாபகமில்லை. அம்மாவுக்குத்தான் தெரியும்.

திருவோணத்துக்கு மறுநாள் கிளப்புக்காரர்கள் பள்ளிக்கூட மைதானத்தில் கயிறு கட்டி மைக் வைத்திருந்தார்கள். உறியடி, கயிறு இழுக்கும் வடம்வலி, மெதுவாகச் சைக்கிள் ஓட்டுவது எல்லாம் முடிந்து, “விவாகம் கழிஞ்ச ஸ்த்ரீகளுடெ ஓட்ட மத்சரம்” என்று ஒருவன் மைக்கில் கூப்பிட்டான், கல்யாணம் ஆன பெண்களின் ஓட்டப்போட்டி. மைதானத்தை இரண்டு சுற்று. ஏழெட்டுப் பேர் நின்றார்கள். மற்றவர்கள் சேலையைச் செருகிக்கொண்டு, ஒருத்தி தோளைப் பிடித்து ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தார்கள். உங்கள் அம்மா மட்டும் நீலச் சுடிதாரும் வெள்ளை ஷூவும். அவள் சிரிக்கவில்லை. சாயக்கடைப் பெஞ்சு முழுதும் வந்திருந்தது. நீங்கள் இருவரும் கயிற்றுக்குப் பக்கத்தில் ஐஸ் மிட்டாய் தின்றுகொண்டிருந்தீர்கள்.

விசில் ஊதியதும் அவள் நான் பழக்கியபடியே பாய்ந்து ஓடினாள். முதல் சுற்று முடியும்போது மற்றவர்களுக்கு இருபதடி முன்னால் இருந்தாள். கடைக்கார அண்ணன் துண்டைச் சுழற்றினார். நான் எதையோ கத்தினேன். இரண்டாவது சுற்றில் பாதி போனதும் நின்றுவிட்டாள்.

விழவில்லை. சும்மா நின்றாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தாள். மூச்சு இழுப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மற்ற பெண்கள் சிரித்தபடி ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி நின்று தோளைத் தொட்டு என்னமோ கேட்டுவிட்டுப் போனாள். மைக் பிடித்தவன், “சேச்சியுடெ பெட்ரோல் தீர்ந்நு” என்றான். மைதானமே சிரித்தது.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்: “நிக்காதே! ஓடு! மானத்தைக் கெடுத்திராதே!”

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். சபைப் பெண்கள் பேசியபோது அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பார்வை. பிறகு நிமிர்ந்து, மைதானத்தின் குறுக்கே நடந்து வந்தாள். கோட்டைத் தாண்டவில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்து, மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். மகனே, உன் ஐஸ் மிட்டாய் உருகி அவளுடைய நீலச் சுடிதாரில் சிவப்பாக வழிந்தது. அதைத்தான் நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“போட்டு, விடு மக்கா, அடுத்த ஓணத்துக்குப் பாக்கலாம்” என்றார் கடைக்கார அண்ணன். நல்ல மனசோடுதான் சொன்னார்.

மறுநாள் விடியும் முன் எழுந்து அவளை எழுப்பினேன். கடிகாரத்தை முந்தின சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழையபடி பைய ஓடலாம், பேசிக்கொண்டு ஓடலாம் என்று சொல்ல இருந்தேன்.

“வா பிள்ளே, போவலாம்.”

“எங்க?”

“ஓடத்தான்.”

அவள் கண் திறந்தே இருந்தது. “ஓணம் கழிஞ்சாச்சுல்லா” என்றாள். “இனி எதுக்கு?”

திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் தனியாகப் போனேன். அவள் சத்தம் கேட்டு வருவாள், இன்று வராவிட்டால் நாளை வருவாள் என்று நினைத்தேன். மூன்று நாள் ஓடினேன். கலுங்கிலிருந்து கலுங்குக்கு, பின்வாசலைப் பார்த்துக்கொண்டே. அது ஒருமுறையும் திறக்கவில்லை. அந்த இருநூற்றுச் சொச்சம் மீட்டர் எவ்வளவு நீளம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான்காவது நாள் கடைக்கார அண்ணன் கேட்டார்: “ஓணம் கழிஞ்சும் ஓடுதியாலே? இனி எதுக்கு?” அவரும் அதே கேள்வி. அதற்குப் பதில் அவள் அன்று சொல்லச் சொன்ன அந்த ஒரே வார்த்தைதான். பெஞ்சில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இல்ல அண்ணா, இண்ணையோட விட்டாச்சு” என்று சொல்லி, சாய வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அதோடு முடிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ தடவை தொடங்கிப் பார்த்திருக்கிறேன். வீடு மாறிய பிறகும், சுகர் வந்த பிறகும். ஒரு வாரத்துக்கு மேல் போனதில்லை. கால் ஓடும். காது மட்டும் பக்கத்தில் ஒரு குரலுக்காகக் காத்திருக்கும். அப்படி ஓட முடியாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு நாள் அடுப்பிலிருந்து கஞ்சிப்பானையை இறக்க அவள் பிடித்த துணியைப் பார்த்தேன். நீலம். ஓரத்தில் என்னுடைய தையல். அந்தப் பாக்கெட் இருந்த துண்டு. அதில் அவள் என்ன வைத்துக்கொண்டு ஓடினாள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

அம்மா பேசாதவள், அது அவளுடைய சுபாவம் என்று நீங்கள் நினைத்து வளர்ந்தீர்கள். மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார்கூட அதைச் சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. அவள் சானல்கரையில் மூச்சு வாங்காமல் பேசியதை, ஓடிக்கொண்டே ஒரு கையைத் தூக்கிப் பஸ்ஸுக்குக் கை காட்டிச் சிரித்ததை நான் ஒருவன்தான் பார்த்தேன். நான் ஒருவன்தான் நிறுத்தவும் செய்தேன்.

மகனே, நீ தினமும் ஓடுவதில் எனக்குச் சந்தோஷம். உன்னோடு ஓட யாராவது வந்தால், அவர்கள் பேசினால், பேச விடு. கடிகாரத்தைப் பார்க்காதே. எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். இதைச் சொல்லும் தகுதியும் எனக்கு இல்லை.

போன வாரம் ஒரு காலையில் துணிந்து பெட்டியைக் கீழே இறக்கினேன். பிரித்து, ஷூவை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். சானல்கரைக்கு இப்போது நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் போக வேண்டும். சாயக்கடை இல்லை, கடைக்கார அண்ணனும் இல்லை. எங்களைப் பார்த்துச் சிரிக்க அங்கே ஒருவரும் கிடையாது. அம்மா எழுந்து உட்கார்ந்து, வீங்கிய காலைத் தரையில் ஊன்றி, ஷூவைக் கொஞ்சநேரம் பார்த்தாள்.

“எதுக்கு?” என்றாள்.

“சும்மா” என்றேன். “சும்மாதான் பிள்ளே. ஒண்ணுக்கும் இல்ல.”

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஷூவைக் காலால் மெல்லக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“இதை அண்ணைக்குக் கலுங்கில வச்சுச் சொல்லியிருக்கணும்” என்றாள். சொல்லிவிட்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, சாய போட அடுப்பங்கரைக்குப் போனாள்.